பரப்பாத மணல்

சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால் இருக்கும் பற்றைக்காட்டைச் சுற்றி வேலி போடுவதற்கு முன், அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று பார்த்து எழுதும் வேலை கிண்ணியாவைச் சேர்ந்த றுக்கியாவுக்குக் கிடைத்தது. ஏழு நாள் வேலை. நரி இருப்பதாக அவள் எழுதினால் வேலியின் அடியில் அது போய்வர வழி விடுவார்கள். இல்லையென்றால் முழுக்க அடைத்துவிடுவார்கள்.

குண்டுக்கரிச்சான் குருவியைத் தேடிப் போகத் தேவையிருக்கவில்லை. விடிந்ததும் காவல் கொட்டிலின் கூரையில் வந்திருந்து பாடும். றுக்கியா கதிரையில் இருந்து தேநீர் குடித்தபடியே அதன் பாட்டையும் அது வாலை நிமிர்த்தும் விதத்தையும் எழுதிக்கொண்டாள். நரி அப்படி வாசலுக்கு வரும் பிராணி அல்ல. மாலையில் ஒற்றையடிப் பாதையில் மணலைப் பரப்பிவிட்டுப் போய், காலையில் வந்து கால்தடம் பார்க்க வேண்டும். முட்பற்றை, பாம்புப் பயம், ஐந்தரை மணி பஸ். நாளைக்குப் பார்ப்போம் என்று முதல் நாள் விட்டாள். ஏழு நாளும் அப்படியே போயிற்று. பறவைக்கு இரண்டு பக்கம் எழுதினாள். நரிக்கு ஒரே வரி: தடயம் இல்லை.

பொறுப்பதிகாரி றிஸ்வி கரிச்சானைப் பற்றிய பகுதியைக் கூட்டத்தில் வாசித்தே காட்டினார். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து, காலைக் காவலாளி கனகசபை அவளை வரச் சொன்னார். வேலி முடிந்திருந்தது. தூண்களுக்குக் கொங்கிறீட் போட்டு மிஞ்சிய மணல் கம்பியோரம் நெடுகச் சிந்திக் கிடந்தது. அதில் நரியின் கால்தடங்கள். போய், திரும்பி, மறுபடியும் போய். ஓரிடத்தில் வேலியின் கொங்கிறீட் அடிக்கட்டு வரை மண் கிளறப்பட்டிருந்தது. அந்தக் கொங்கிறீட்டில் இரத்தம் காய்ந்திருந்தது.

"குட்டியள் உள்ளுக்க, தாய் வெளியில. ரெண்டு நாளா இப்பிடி நடக்குது," என்றார் கனகசபை. "நீங்கள் மணல் போட்டுப் பாத்தனீங்கள்தானே, பிள்ளை?"

அவர் குத்திக் கேட்கவில்லை. மாலையில் அவர் அங்கே இருப்பதில்லை. ஓம் என்றால் நம்பியிருப்பார். கூரையில் கரிச்சான் பாடத் தொடங்கியது. றுக்கியாவுக்கு அதை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

"போடல்ல, அண்ணை. ஒரு நாளும் போடல்ல."

கனகசபை கொட்டிலுக்குள் போனார். வழக்கமாக அவளுக்கென்று எடுத்துப் போடும் கதிரையை இன்று போடவில்லை.

நின்றபடியே றிஸ்வியைத் தொலைபேசியில் அழைத்தாள். "ஆ, கரிச்சான் தங்கச்சி," என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தாள்.

"சேர், வேலிய வெட்டோணும். நான் பொய் எழுதினனான்."