ஏழாம் கம்பின் காலிக் கட்டம்

வெயில் விழுமுன் தண்ணீர் எடுத்துவிட வேண்டும். வெயில் பட்டால் பாசி பிராணவாயு விடத் தொடங்கித் தண்ணீரில் அதன் அளவு மாறிவிடும் என்பது சதுப்பு ஆய்வு மையத்தார் சொல்லித் தந்த பாடம். அதனால் வியாழன்தோறும் வேலுத்தாயும் மற்ற ஐந்து பேரும் உறைபனி நொறுங்க ஊத்துப்பள்ளத்துச் சதுப்பில் இறங்கினார்கள். புட்டியை அந்தத் தண்ணீரிலேயே மூன்று தடவை அலசி, அமுக்கி, உள்ளே ஒரு காற்றுக்குமிழி நிற்காமல் மூட வேண்டும். நின்றால் கொட்டிவிட்டு மறுபடி. விரல் மரத்தால் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி.

தண்ணீர் எடுக்கும் இடங்களுக்கு அடையாளமாக, ஆளுக்கொன்றாய் ஏழு கம்புகள் ஊன்றியிருந்தன. நடுச்சேற்றிலிருந்த ஏழாவது, கந்தம்மாளுடையது. மூன்று வாரமாக அதையும் வேலுத்தாயே பார்க்கிறாள்.

அங்கே போகும் பலகை இற்றுவிட்டதென்று முன்பே நான்கு முறை மையத்தில் சொல்லியிருந்தார்கள். மையம் சும்மா இருக்கவில்லை. விருந்தாளிகள் பறவை பார்க்க உயரமாய் ஒரு கோபுரம் கட்டியது. மூடுபனியில் பலகை முறிந்து கந்தம்மாள் புதைந்தது அதன் உச்சியிலிருந்து நன்றாகத் தெரிந்திருக்கும். அந்நேரம் அங்கே யாருமில்லை. வேலுத்தாய் சேலையை முறுக்கி வீசினாள். எட்டவில்லை. புதுப் பலகை இரண்டே நாளில் வந்தது.

இரங்கல் கூட்டத்தில் மைய இயக்குநர் ஞானவேல் கந்தம்மாளைச் 'சதுப்பின் மகள்' என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போலீசுக்கு மட்டும், மாட்டுக்குப் புல்லறுக்கப் போனவள் என்று எழுதிக் கொடுத்தார். கந்தம்மாளுக்கு மாடு கிடையாது.

இன்று தண்ணீர் எடுத்து வந்ததும் வேலுத்தாயை உள்ளே கூப்பிட்டார். 'ஒரு வாரமும் விடுபடாத பத்தாண்டு' என்று விழாப் பதாகை அச்சாகி வந்திருந்தது. மேசையில் அளவுப் புத்தகம். அதில் ஒரே ஒரு வரியில் அளவுக் கட்டமும் எடுத்தவர் பெயர்க் கட்டமும் காலி: ஏழாம் கம்பு, அந்த வியாழன்.

"முந்தின வார அளவு இருக்கு, பிந்தினது இருக்கு. நடுவுல ஒண்ணு நான் போட்டுக்கிறேன். எடுத்தது நீன்னு கையெழுத்து மட்டும் போடு."

அங்கே வருகைப் பதிவேடு கிடையாது. மையத்தின் கணக்கில் அவர்கள் கூலியாட்களல்ல, 'நீர்த் தோழர்கள்'. யார் எந்தக் கம்புக்குப் போனார் என்பதற்கு இந்தப் புத்தகம் ஒன்றே சாட்சி. அந்தக் கட்டத்தில் தன் பெயர் ஏறினால் கந்தம்மாள் அன்று வேலைக்கே வரவில்லை என்றாகிவிடும்.

"அன்னைக்கு அங்க போனது கந்தம்மக்காங்க."

"போனாங்க, சரி. தண்ணி எடுக்கலையே?"

வேலுத்தாய் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான்.

"பத்து வருசமா குமிழி ஒண்ணு இருந்தாலே கொட்டிட்டு எடுன்னீங்க. இப்பத் தண்ணியே இல்லாம எழுதச் சொல்றீங்க."

அறிவியல் உனக்குப் புரியாது என்று அவர் இரக்கத்தோடு சொன்னார். பிறகு மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். போடாவிட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்றார். நான்கு பேர் கையெழுத்துப் போடாமலே திரும்பினார்கள். கடைசியாகப் பழனிமுத்து, இயக்குநர் முன் தலை தூக்கியே அறியாதவர். பேனாவை வாங்கினார். பெயர்க் கட்டத்தில் எழுத்துக்கூட்டிக் 'கந்தம்மாள்' என்று எழுதினார். அளவுக் கட்டத்தைத் தொடவில்லை.

ஆறு பேருக்கும் வேலை போயிற்று.

அடுத்த வியாழன் விடியலில் ஆறு பேரும் பலகைக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாக முந்தின நாளே பெரும்பாறை எஸ்டேட்டிலிருந்து கூட்டி வந்திருந்த பெண்கள் மூவர், குளிரில் பல் தந்தியடிக்கப் புட்டிகளோடு வந்தார்கள். பின்னால் ஞானவேல்.

"வெரசா இறங்குங்க, நேரமாகுது," என்றார்.

அவர்களில் மூத்தவள் சண்முகவள்ளி நகரவில்லை. "எதுக்கு மறிச்சு உக்காந்திருக்கீங்க?" என்று வேலுத்தாயிடம் கேட்டாள்.

வேலுத்தாய் சொன்னாள். அழாமல் சொல்ல முடியவில்லை. சேலை எட்டாததைச் சொன்னாள், காலிக் கட்டத்தையும் சொன்னாள்.

சண்முகவள்ளி புட்டிகளைக் கரையில் வைத்தாள்.

"அந்தக் கட்டம் அப்படியே கெடக்கட்டுங்க. இன்னைக்கு ஏழு கம்புக்கும் கட்டம் காலியாவே கெடக்கட்டும்," என்று ஞானவேலிடம் சொன்னாள். பிறகு வேலுத்தாய் பக்கம் குனிந்து, "கொஞ்சம் தள்ளி எடங் குடுங்கக்கா. நாங்க மூணு பேரு," என்றாள்.