உபவேந்தர் கடைசியாகத்தான் பேசுவார்

தக்ஷாயினி பல்கலைக்கழகத்துக்கு உபவேந்தராகி வந்த முதல் மாதத்தில், தேநீர் குடித்துக்கொண்டே, மதிலுக்கு மாம்பழ மஞ்சள் அடித்தால் எடுப்பாக இருக்குமே என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அடுத்த கிழமை மதில் மஞ்சள். வாசல் கேற் மஞ்சள், காவலாளியின் கொட்டில் மஞ்சள், கழிப்பறைக் கதவுகள்கூட மஞ்சள். வாவியில் தோணி விடுகிறவர்களுக்கே கண் கூசியிருக்கும். நன்றாக இருக்கிறதா என்று பதிவாளர் கனகசிங்கத்தைக் கேட்டார். மிக அருமை என்றார் அந்த மனிதர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

வேறொருவருக்கு நடந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தக்ஷாயினி பேரெடுத்ததே, மேலே இருப்பவர் சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிற இந்த விஷயத்தை ஆராய்ந்துதான். உளவியல் ஆய்வாளராக இருந்த காலத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விதைப்புக் கூட்டங்களில் போய்க் குந்திக்கொண்டிருப்பார். குளத்துத் தண்ணீரை என்றைக்குத் திறப்பது என்று விவசாயிகள் கூடித் தீர்மானிக்கும் கூட்டம் அது. அதிகாரி முதலில் திகதியைச் சொன்னால் எல்லாரும் ஓம் என்பார்கள். பிறகு வயல் வட்டைக்குப் போய் அவரவர் இஷ்டத்துக்கு விதைப்பார்கள். அதிகாரி வாயை மூடிக்கொண்டிருந்தால் சண்டை வரும். அந்தச் சண்டையில் பிறந்த திகதியை ஒருவரும் மீற மாட்டார்கள். இதை எழுதித்தான் நாடு நாடாகப் போய்ப் பேசினார், பேராசிரியரானார், கடைசியில் இந்தக் கதிரைக்கும் வந்து சேர்ந்தார். இப்போது அந்த அதிகாரியே அவர்தான்.

அந்தக் காலம் முழுக்க அவரோடு வரம்பு வரம்பாக நடந்தவர் காத்தான்குடி றஸீனா. இப்போது உளவியல் துறைத் தலைவி. கட்டுரையில் ஒரு வசனத்துக்காக நாள்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள் இருவரும். அந்த றஸீனாவே இப்போது கூட்டங்களில் தலையாட்டிக்கொண்டிருந்தார். மதிலைவிட அதுதான் தக்ஷாயினியைச் சுட்டது. மறுத்துச் சொல்ல ஒரு ஆளாவது இல்லாவிட்டால் இந்தப் பல்கலைக்கழகத்தைத் தானே கெடுத்துவிடுவோமோ என்று பயம் வந்துவிட்டது.

ஆகவே ஒரு விதி போட்டார். இனிமேல் எந்தக் கூட்டத்திலும் உபவேந்தர் கடைசியாகத்தான் பேசுவார்.

விதி வந்த முதல் கூட்டத்தில், முதலாம் வருடத்துக்கு வகுப்பறை போதவில்லை என்ற விஷயம் வந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் தக்ஷாயினியின் முகத்தையே படித்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியதும் கலைப் பீடத்துப் பீடாதிபதி அவசரமாகத் தலையாட்டினார், எதற்கென்று அவருக்கே தெரியாது. தக்ஷாயினிக்குப் பொறுக்கவில்லை. கதிரையைத் திருப்பிப்போட்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் றஸீனா செருமுவது கேட்டது.

“மேடம், உங்கட ஆய்வுகூடம் பூட்டித்தான் கிடக்கு. நீங்க திரும்பி வருவீங்கெண்டு நாங்க அதத் தொடல்ல. புள்ளைகள் மரத்தடியில நிண்டு படிக்கிதுகள். அத அவங்களுக்குக் குடுக்கணும்.”

பதவி முடிந்ததும் திரும்பிப் போகவென்று தக்ஷாயினி வைத்திருந்த ஒரே இடம் அந்த அறை. கோப்புகளுக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டு அலுக்கிற பொழுதெல்லாம், அது இருக்கிறது என்ற நினைப்பில்தான் நாளை ஓட்டினார். முதுகுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். முந்தியே செய்திருக்கலாம் என்றார் ஒருவர். அறை பெரிது, காற்றோட்டமும் நல்லது என்றார் இன்னொருவர். சும்மா கிடக்கிற அறைக்குத் துப்புரவுச் செலவு வேறு என்று கனகசிங்கமே துணிந்துவிட்டார்.

யோசிப்போம் என்று ஒரு சொல் போதும். இத்தனை பேரும் அப்படியே பல்டி அடித்து ஆய்வுகூடத்தின் அருமை பெருமையைப் பேசுவார்கள். அறை தப்பிவிடும். ஆனால் றஸீனா அதற்குப் பிறகு ஒருநாளும் வாய் திறக்கமாட்டார்.

கதிரையைத் திருப்பினார்.

“குடுப்பம்,” என்றார். குரல் உடைந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

பின்னேரம் அறையைத் திறந்து, சாமான்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தபோது றஸீனா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா கூடாதா என்ற தயக்கம் முகத்தில் இருந்தது.

“என்னகா, கோவமா?”

“கோவந்தான். நல்லாக் கோவம்,” என்றார் தக்ஷாயினி. “வந்து இந்தப் பக்கத்தப் பிடி, தனிய ஏலாது.”