மொட்டை மாதாவும் வாசலில் நின்ற வேனும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ரூம் கிடைத்திருந்தால் இந்தக் கதை இல்லை.

ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பதி போயிருந்தேன். முகூர்த்த நாள், அதுவும் சனிக்கிழமை. ஸ்டேஷன் எதிரே இருக்கும் லாட்ஜ்களில் ஏறி இறங்கிக் களைத்து, கடைசியாக ஒன்றில் பெட்டியை வைத்தேன். ரிசப்ஷனில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. "ரூம்ஸ் லேது சார்" என்றார். அதோடு விட்டிருந்தால் நானும் போயிருப்பேன். ஆனால் அவர் வலது கையை நீட்டி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, அரண்மனைச் சேவகன் மாதிரி அதைச் சொன்னார். சொன்னவுடனே அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். எட்டாங் கிளாஸ்ல இத்தையேதான் ஸ்டேஜ்ல சொன்னேன். மாதாவுக்கே ரூம் குடுக்காதவ நானு."

அவர் பெயர் ரூபா. (கதையில் பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன். "மாத்திட்டா நான்தான்னு எங்க வீட்டாண்ட எப்டி காட்டறது?" என்றார். மாற்றவில்லை.)

2

எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி வந்தது:

தாராளமயமாக்கலின் காற்று சித்தூரின் எல்லைக் கிராமங்கள் மீது வீசத் தொடங்கிய தொண்ணூறுகளின் நடுவில், நிலமற்ற உழைப்பாளிகளின் கனவுகள் கடல் கடந்து

கடல் கடந்து என்ன செய்தன என்று எனக்குத் தெரியவில்லை. வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையில் காற்றெல்லாம் வீசவில்லை. பஜாரில் கோலா பானத்துக்கு ஒரு பெரிய போர்டு வந்தது. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்தது. சித்தூரை அடுத்த குடிபாலாவில் மோகன்ராஜ் என்பவருக்குக் குவைத் விசா வந்தது.

இரண்டாவது தொடக்கம்:

சிவசங்கரிக்கு இடுப்பைத் தாண்டித் தொங்கும் முடி.

இது தேவலை. இதை வைத்துக்கொள்வோம். சீக்கிரமே அந்த முடி போகப்போகிறது, ஆனாலும் வைத்துக்கொள்வோம்.

3

சிவசங்கரி மோகன்ராஜின் ஒரே மகள். மோகன்ராஜ் அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் வெட்டுக் கூலி. தான் படிக்காததற்கெல்லாம் சேர்த்து மகளைச் சித்தூரில் சிஸ்டர்கள் நடத்தும் கான்வென்ட்டில் போட்டிருந்தார். ரூபா அவளுக்குப் பக்கத்து பெஞ்சு.

அந்தப் பள்ளியில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது சனிக்கிழமை சேவை. காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு முதியோர் இல்லம். அங்கே இருந்த வயதான அம்மாக்களுக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பேன் பார்த்துத் தலைவாரி விட வேண்டும். தலைமை ஆசிரியை சிஸ்டர் ஜெசிந்தா குண்டூர்ப் பக்கத்துக்காரர். ஆன்மா உருவாவது ஜெபக்கூடத்தில் பாதி, பேன் சீப்பில் மீதி என்பது அவருடைய சித்தாந்தம்.

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மாதா வேஷம் அழகுக்கும் கிடையாது, மார்க்குக்கும் கிடையாது, மதத்துக்கும் கிடையாது. டிசம்பர் பிறந்ததும் இல்லத்துக்குப் போய், "இந்த வருஷம் யாரு மாதா?" என்று அந்த அம்மாக்களைக் கேட்பார். அவர்கள் சொல்லும் பெண்தான்.

அந்த வருஷம் கண் தெரியாத ரத்னம்மா முந்திக்கொண்டார். "சிக்கெடுக்கச் சொல்ல வலிக்காம எடுக்குமே, அந்தப் பொண்ணு. மூஞ்சி தெரியாது எனக்கு. கை தெரியும்."

சிவசங்கரியின் கை.

அவள் அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லையாம், பறந்தாளாம். கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. நைனாவுக்குக் குவைத் டிக்கெட். நாடகம் நடக்கும் அதே நாள் சாயந்திரம் சென்னை ஏர்போர்ட்டுக்கு வேன் புறப்படுகிறது. சிவசங்கரி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துட்டுத்தான் போவணும் நைனா."

"பாக்காம எங்க போவப் போறேன்? வேன ஸ்கூல் கேட்டாண்டயே நிறுத்தச் சொல்றேன்" என்றார் மோகன்ராஜ்.

இவ்வளவுதான் கதைக்கு வேண்டியது. அப்பா பார்த்தாரா? நான் வேறு எதையாவது பேசிக்கொண்டு போனாலும் இந்தக் கேள்வியை நீங்கள் விடாதீர்கள்.

4

இப்போது அம்மா பொன்னியம்மாவை உள்ளே கொண்டுவர வேண்டும். விசா இழுத்துக்கொண்டே போன நாட்களில் அவர் திருமலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டு, "விசா வந்தா குடும்பத்தோட முடி குடுக்கறேன் சாமி" என்று வேண்டியிருந்தார். குடும்பம் என்றால் மூன்று தலை. வேண்டுதலை முடிக்காமல் மனிதனைப் பிளேன் ஏற்ற முடியுமா? நடு ஆகாயத்தில் சாமி கையை விட்டுவிட்டால்? நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பு, குவைத் போகும் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு, அதே வேனில் எல்லாரும் மலைக்குப் போனார்கள்.

[இந்த இடத்தில் சிவசங்கரியைப் புரட்சி செய்யவைத்துப் பார்த்தேன். "என் முடி என் உரிமை!" என்று மலையில் மொட்டையடிக்கும் கல்யாணகட்டாவின் நடுவில் நின்று கத்தினாள். படித்துக் காட்டியபோது ரூபா போனில் விழுந்து விழுந்து சிரித்தார். "யார் சார் இது? எங்க சங்கரியா? அது ஜாலியா குடுத்துச்சி சார். நைனாவுக்கு விசா வந்துகீது, முடி இன்னா முடி?" பத்தியை அடித்துவிட்டேன்.]

நடந்தது இதுதான். மலைக்குப் போகும் குஷியில் யாருக்கும் நாடகம் நினைவில்லை. சிவசங்கரிக்கே நினைவில்லை. தலையை நனைத்து, குனிந்து உட்கார்ந்து, நாவிதர் பாதி வழித்து முடித்தபோதுதான் அவளுக்கு மாதா ஞாபகம் வந்தது.

"அய்யோ!" என்றாள்.

"கத்தி பட்டுச்சா பாப்பா?" என்றார் நாவிதர்.

பாதித் தலையோடு எழுந்து என்ன செய்வது? மீதியையும் கொடுத்தாள்.*

* மோகன்ராஜின் பாஸ்போர்ட் போட்டோவில் சுருட்டை முடியும் முரட்டு மீசையும். இப்போது இரண்டும் கிடையாது. ஏர்போர்ட் அதிகாரி போட்டோவையும் தலையையும் மாறிமாறிப் பார்த்தார், பின்னால் நின்ற அவர் கூட்டாளிகளின் மொட்டைகளையும் பார்த்தார், "திருப்பதியா?" என்று கேட்டு முத்திரை குத்திவிட்டாராம்.

5

ஒத்திகைக்கு சந்தனம் பூசிய தலையோடு வந்து நின்ற மாதாவைப் பார்த்து சிஸ்டர் ஜெசிந்தா, "ஐயோ ப்ரபுவா!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிறப்பு விருந்தினர் பிஷப். அழைப்பிதழ் போயாகிவிட்டது. "வேற பொண்ணப் போட்டுரலாம் சிஸ்டர்" என்று ஒரு டீச்சர் காதோரம் சொன்னார்.

சிவசங்கரி அழவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "நைனா பாத்துட்டுப் போவணும் சிஸ்டர், அப்புறம் எப்ப வருமோ தெரியாது."

அடுத்து சிஸ்டர் செய்ததை எழுத எனக்குத் தயக்கம். அது கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது. இப்படி ஒரு காட்சியை நானே கற்பனை செய்திருந்தால் வெட்கப்பட்டு அடித்திருப்பேன். அதனால் சிஸ்டரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். பிரம்பு கூடக் கொடுத்தேன். அவர் அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறந்துபோனார். சிலருக்குக் கெட்ட குணம் ஒட்டாது. ஆகவே ரூபா சொன்னதை அப்படியே தருகிறேன்:

சிஸ்டர் எழுந்து கதவைச் சாத்தினார். தன் முக்காட்டின் ஊசியை எடுத்தார். முக்காட்டை மெல்லப் பின்னால் தள்ளினார். உள்ளே ஒட்ட வெட்டிய நரைமுடி. பிள்ளைகள் அதுவரை பார்த்ததில்லை. பேய்முழி முழித்தார்கள்.

"எனக்கும் உன்ன மாதிரி நீள ஜடைம்மா. கன்னியாஸ்திரியா வார்த்தப்பாடு குடுத்த அன்னிக்கி வெட்டிட்டாங்க. எங்க அம்மா அழுதுச்சி. நான் அழல" என்றார். மறுபடி முக்காட்டை மாட்டிக்கொண்டு, "குடுத்த தலைக்கு மாதா வேஷம் இல்லேன்னா வேற யாருக்குடி?" என்று டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மாதாவின் முக்காட்டுக்கு நீலத் துணியை எடுக்க ஓடினார்.

எல்லாம் சரி. ஆனால் இத்தனை பக்தியிலும் ஒரு சின்ன நடைமுறை விஷயத்தை எல்லாரும் மறந்துபோனார்கள். முக்காட்டை ஊசியால் எதில் குத்துவது? முடியில். மாதாவுக்கு அது இல்லை. நாடாவைக் கட்டினால் வழுக்கியது. கோந்து தடவினால் சந்தனத்தோடு சேர்ந்து உதிர்ந்தது. கடைசியில், "தலைய ஆட்டாம நடம்மா, ப்ரபுவு பாத்துப்பாரு" என்று சொல்லிவிட்டார் சிஸ்டர்.

6

நாடகம்.

மைதானம் நிறைய ஜனம். முன்வரிசையில் பிஷப். பெண்கள் பக்கம் பொன்னியம்மா, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. தூரத்தில் பள்ளி கேட், கேட்டுக்கு வெளியே வேன், வேனின் கூரையில் கயிறு கட்டிய பெட்டிகள். வேனைச் சுற்றி மோகன்ராஜும் அவரோடு குவைத் போகிறவர்களும், டிரைவர் முனியப்பனும். மேடை விளக்கு கண்ணில் அடித்ததால் சிவசங்கரிக்கு கேட்டே தெரியவில்லை.

மாதாவின் கணவர் சூசையப்பராக வெங்கடலட்சுமி, மையில் வரைந்த மீசையோடு. இருவரும் பெத்லகேமில் ரூம் தேடுகிறார்கள். முதல் கதவு, இரண்டாவது கதவு. மூன்றாவது கதவில் ரூபா. வசனம், "சத்திரத்தில் இடமில்லை." ஆனால் மைதானத்தைப் பார்த்த பதற்றத்தில் ரூபாவுக்கு வசனம் மறந்துவிட்டது. திருப்பதி லாட்ஜில் நாமெல்லாரும் கேட்ட அந்த வார்த்தைதான் வாயில் வந்தது.

"ரூம்ஸ் லேது!"

சொல்லிவிட்டு அட்டைக் கதவை அடித்துச் சாத்தினாள். சாத்திய வேகத்தில் முக்காட்டின் நுனி கதவில் மாட்டிக்கொண்டது. மாதா திரும்பினாள். முக்காடு திரும்பவில்லை.

நீங்கள் அந்த ஜனத்தின் கண்ணோடு பாருங்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒரு பெண், பக்கத்தில் மூட்டையோடு புருஷன், ரூம் கிடைக்காமல் பொழுது சாயும் நேரத்தில் வாசலில் நிற்கிறார்கள். இந்தக் காட்சியைப் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற ஊர் அது. அப்புறம் பின்னாலிருந்து, கேட் பக்கமிருந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிய ஒரு ஆண்குரல்:

"கோவிந்தா!"

அவ்வளவுதான். மைதானம் மொத்தமும் கையைத் தூக்கியது. "கோவிந்தா! கோஓஓவிந்தா!" முதியோர் இல்லத்து அம்மாக்கள் கூவினார்கள். பொன்னியம்மா எழுந்து நின்று கூவியதில் அவருடைய முந்தானையும் நழுவியது. சூசையப்பர் சிரித்ததில் மீசை கன்னத்துக்கு வந்துவிட்டது. பிஷப்பின் கையும் பழக்கதோஷத்தில் மேலே போனதாகவும், பாதி வழியில் அதை அவர் ஆசீர்வாதமாக மாற்றிக்கொண்டதாகவும் ரூபா சத்தியம் செய்கிறார். பிஷப்பும் திருப்பதியை அடுத்த இந்த ரேணிகுண்டாப் பக்கத்துப் பிள்ளைதானே.

சிவசங்கரி மட்டும் கதவிலிருந்து முக்காட்டை எடுக்கவில்லை. மொட்டைத் தலையை நிமிர்த்தி, கூசுகிற விளக்குக்கு அந்தப்பக்கம் கேட் இருக்கும் திசையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு சத்தம் அடங்குவதற்குள் வேன் கிளம்பும் ஓசை கேட்டது.

7

முடிவுகள்.

அ) அந்த முதல் குரல் மோகன்ராஜுடையது. மலையில் கத்தியதில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆகவே பார்த்தார். சுபம்.

ஆ) மலைக்குப் போய்வந்த எல்லாருக்குமே தொண்டை கட்டியிருந்தது. மோகன்ராஜ் அப்போது வேனுக்குள்ளே பெட்டிக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார். ஆகவே

(இதை முடிக்க எனக்கு மனமில்லை.)

இ) நேரில் போய்க் கேட்டுவிடுவது. போனேன். மோகன்ராஜ் இப்போது குடிபாலாவில் சொந்த மாந்தோப்பு வைத்திருக்கிறார். முடி திரும்ப வந்து, நரைத்து, பாதி கொட்டியும்விட்டது.

"பாத்தேனே! நான்தான் மொதல்ல கோவிந்தா போட்டேன்!" என்றார்.

"எங்க பார்த்த?" என்று பொன்னியம்மா உள்ளேயிருந்து வந்தார். "கொழந்த மேடைக்கி வரச் சொல்லவே நீ வேன்ல ஏறிட்டேன்னு முனியப்பன் சொன்னானே. குவைத்லேர்ந்து போன்ல துன்னியான்னு கேட்டா, பட்டினி கெடந்துகினே துன்னேன் துன்னேன்னு சொன்ன ஆளு தானே நீ?"

மோகன்ராஜ் சிரித்துக்கொண்டே மாங்காயை நறுக்க ஆரம்பித்தார்.

முனியப்பனைக் கேட்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவர் இப்போது மஸ்கட்டில் வண்டி ஓட்டுகிறார். போன் போட்டேன். "மொதோ கோவிந்தா நான் போட்டது சார்" என்கிறார்.

கடைசியில் சிவசங்கரியையே கூப்பிட்டேன். அவர் குவைத்தில் நர்ஸ். வயதான நோயாளிகளுக்குத் தலைவாரிவிடும் வேலையை மட்டும் யாரிடமும் கொடுப்பதில்லையாம். கதையைச் சொல்லி, எந்த முடிவை வைக்கட்டும் என்று கேட்டேன். முதலில் நன்றாகச் சிரித்தார். அப்புறம் தன் பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"சார், எம் பொண்ணு சித்தூர்ல அதே ஸ்கூல்லதான் படிக்குது. போன வருசம் அது நாடகத்துல ஆடு. பாத்தியாம்மான்னு போன்ல கேட்டுச்சி. நெட்டு கட்டாயிருச்சி, ஒண்ணுமே பாக்கல. பாத்தேன்டா, சூப்பர்னேன்." மூக்கை உறிஞ்சினார். "நைனா இன்னா சொன்னாலும் நான் ஒண்ணும் கேக்கறதில்ல இப்போ. நீங்க ஒண்ணு பண்ணுங்க. கதையில அந்த வேன ஸ்டார்ட் பண்ணாதீங்க சார். கேட்டாண்டயே நிறுத்துங்க. எழுதறவருக்கு அது கஷ்டமா?"

கஷ்டமில்லை. ஆனால் ஆறாம் பகுதியின் கடைசி வரியில் நான் அதைக் கிளப்பிவிட்டேன். உடனே அந்த வரியை அழித்துப் பார்த்தேன். வேன் நின்றது, மாதா நின்றாள், முனியப்பன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். சென்னையில் பிளேன் யாருக்காகவும் நிற்காது. திரும்பவும் எழுதினேன். எனக்குத் துணிச்சல் போதவில்லை.

ஆகையால் அந்த வரி அங்கேயே இருக்கட்டும். நீங்கள் மறுபடி அதை வாசிக்கப் போகும்போது, அதற்கு முந்தைய வரியில் கொஞ்சம் நில்லுங்கள். கைகள் எல்லாம் மேலே இருக்கின்றன, மொட்டைத் தலை நிமிர்ந்து கேட்டைப் பார்க்கிறது. மோகன்ராஜ் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்க்க அவ்வளவு நேரம் போதும். வேன் சாவி உங்கள் கையில்தான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.