அரைச் சங்கு

ஐப்பசி அடைமழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், பஞ்சவர்ணம் டானிக் புட்டி ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு செல்வம்மாள் வீட்டுப் படலைத் திறந்தாள். அவளுடைய நான்கு மாதப் பிள்ளைக்கு மூன்று நாளாகச் சளி. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம் வருகிறதென்றும், பால் குடிக்க முடியாமல் அழுகிறதென்றும் சொன்னாள்.

கீழப்பழுவூருக்குத் தெற்கே இருந்த அந்தச் சிறிய ஊரில் வேப்பெண்ணெய் வேண்டுமென்றால் செல்வம்மாளிடம்தான் வருவார்கள். அவள் கொல்லையில் மூன்று வேம்புகள் நின்றன. ஆனி, ஆடியில் உதிரும் கொட்டைகளைப் பொறுக்கிக் காயவைத்து, மூட்டையாகக் கட்டி அரியலூர் செக்கில் கொடுத்து ஆட்டிக்கொண்டு வருவாள். நுகத்தடி உரசிய மாட்டுக் கழுத்துப் புண்ணுக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தலைப் பேனுக்கு, முழங்கால் வலிக்கு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி வாங்கிப் போவார்கள். பிண்ணாக்கு நாற்றங்காலுக்குப் போகும். காய்ந்த இலையைக்கூட விட்டுவைக்காமல் பயறுப் பானையில் போட்டு வைப்பார்கள், வண்டு விழாமலிருக்க.

செல்வம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் புட்டியில் பாதிக்கு எண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள்.

"நெஞ்சுல சூடு பறக்கத் தேய்ச்சு விடு. கொஞ்சம் உள்ளுக்கும் குடு. சளியெல்லாம் வெளிக்கியோட வந்துரும்."

எவ்வளவு என்று பஞ்சவர்ணம் கேட்கவில்லை. செல்வம்மாளும் சொல்லவில்லை. இதே வார்த்தையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். மறுபடி முறத்தைக் கையில் எடுத்தபோது அவள் நினைப்பு அரிசியில் கிடந்த கல்லுக்குப் போய்விட்டது.

மதியம் தாண்டி, மூன்றாவது வீடான பஞ்சவர்ணத்தின் வீட்டிலிருந்து கூச்சல் கேட்டது. செல்வம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிள்ளை பாயில் துவண்டு கிடந்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தான். கண் மேலே செருகி, இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. பஞ்சவர்ணத்தின் புருஷன் ராசாங்கம் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு வேலைக்குப் போயிருந்தான். அவனுக்கு ஆள் அனுப்பிவிட்டு, இரண்டு பெண்களுமாகப் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்து அரியலூர் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

பஸ் சேற்றுப் பள்ளங்களில் இறங்கி ஏறியது. பஞ்சவர்ணம் பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அரைச் சங்கு குடுத்துட்டேன்க்கா. சீக்கிரமா சரியாவட்டும்னுதான். அங்க சொல்லிடாதீங்க. அவருக்குத் தெரிஞ்சா என்னைய வூட்ட வுட்டே தொரத்திடுவாரு."

பால் புகட்டுகிற சங்கில் அரைச் சங்கு. கொஞ்சம் என்று செல்வம்மாள் மனதில் நினைத்தது விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைக்கிற அளவு. அந்த விரல் நுனியை அவள் வாயால் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். பிள்ளையின் கண்ணை விலக்கிப் பார்த்தாள், கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"புள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

"தாய்ப்பால்தாங்க" என்றாள் பஞ்சவர்ணம்.

"வேற? நாட்டு மருந்து ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்லீங்க."

டாக்டரம்மா நர்ஸிடம் திரும்பி, மூளைக்காய்ச்சலாக இருக்கும், முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்று சொன்னாள். நர்ஸ் தட்டில் ஊசிகளை எடுத்து வைத்தாள். செல்வம்மாள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். சொன்னால் போலீஸ் வருமோ என்றுகூட நினைத்தாள். ஊரில் தலைகாட்ட முடியாது. பஞ்சவர்ணத்துக்கு வாழ்க்கையே போனாலும் போகும். பிள்ளையின் கை மறுபடி வெட்டியது.

"வேப்பெண்ண குடுத்துருக்கும்மா" என்றாள். "என் வூட்டு எண்ணதான். உள்ளுக்குக் குடுக்கச் சொன்னதும் நாந்தான்."

டாக்டரம்மா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "எவ்வளவு?"

செல்வம்மாள் பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள். பஞ்சவர்ணம் தரையைப் பார்த்தபடியே, "அரைச் சங்குங்க" என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்ட அவளுக்கு நேரமும் இல்லை. ஊசி போட்டு, தலையில் நரம்பு தேடி குளுக்கோஸ் ஏற்றினார்கள். பொழுது சாயும்போது இழுப்பு நின்றிருந்தது. பிள்ளை கண் திறக்கவில்லை.

ராசாங்கம் உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு வந்து சேர்ந்தான். நர்ஸிடம் விசாரித்துவிட்டு நேரே செல்வம்மாள் முன்னால் வந்து நின்றான்.

"அரைச் சங்கு குடுக்கச் சொன்னது நீங்களா?"

"எவ்வளவுன்னு நான் சொல்லல, ராசாங்கம். சொல்லியிருக்கணும்."

பஞ்சவர்ணம் குனிந்து பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை இழுத்துவிட்டாள்.

"இனிமே எங்க வூட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்றான் அவன்.

ஒன்பதாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஊருக்கு வந்தார்கள். பிள்ளைக்குக் கழுத்து நிற்கத் தாமதமாவதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். செல்வம்மாள் போய்ப் பார்க்கவில்லை. எண்ணெய் கேட்டு ஆட்கள் வருவது குறைந்தாலும் நிற்கவில்லை. மாட்டுக்கு என்றால் கொடுத்தாள். பச்சைப்பிள்ளை என்று யாராவது வாயெடுத்தால், "உள்ளுக்குக் குடுக்க எங்கிட்ட எண்ண இல்ல" என்றாள்.

"நாங்கள்லாம் இதக் குடிச்சுதான வளந்தோம்?" என்று பேரனுக்கு எண்ணெய் கேட்டு வந்த உண்ணாமலை சண்டைக்கு நின்றாள்.

"வளந்தவங்க வந்து கேக்குறீங்க. வளராமப் போனதுங்க வந்து கேக்குமா?" என்று சொல்லிவிட்டுச் செல்வம்மாள் உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரி ஒரு பழைய சாவு அவள் நினைப்புக்கு வந்தது. பத்து வருஷத்துக்கு முன் அதே ஊர் ஆண்டாயியின் ஐந்து மாதப் பெண் பிள்ளை இழுப்பு வந்து ஒரே நாளில் போய்விட்டது. பட்சி தோஷம் என்றார்கள், செல்வம்மாளும் அப்படித்தான் சொன்னாள். அந்த வாரம் ஆண்டாயி எண்ணெய் வாங்க வந்தாளா? படலைத் திறந்து ஆண்டாயி வருவதுபோலவும் இருந்தது, வராததுபோலவும் இருந்தது. எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மாசிக் கடைசியில் ஏரிக்கரையில் ஆண்டாயி எதிரே வந்து, "என்னக்கா, இளைச்சுட்டீங்க?" என்று கேட்டபோது, வெயில் என்று மட்டும் சொன்னாள்.

பங்குனியில் ராசாங்கத்துக்கு அம்மை போட்டது. ஐந்து மாதம் கழித்துப் பஞ்சவர்ணம் அந்தப் படலுக்கு வெளியே வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை.

"அவருக்கு ஆத்தா வந்துருக்குக்கா. படுக்கையில போட ரெண்டு கொத்து வேப்பல வேணும்."

"ஒடிச்சுக்க."

எட்டுகிற உயரத்துக் கிளைகளை ஆடுகளுக்கென்று யாரோ முன்பே ஒடித்திருந்தார்கள். துரட்டிக் கோலை ஒரு கையால் பிடிக்க முடியாமல் பஞ்சவர்ணம் தடுமாறினாள். பிள்ளையை இறக்கிவிடலாமென்றால் தரையெல்லாம் நெருஞ்சி முள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு பிள்ளையைச் செல்வம்மாளிடம் நீட்டினாள்.

செல்வம்மாள் கைகளை முந்தானையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வாங்கினாள். நல்ல கனம். அவன் அழவில்லை. தலை லேசாக ஆட, அவள் முகத்தையே பார்த்தான். பிறகு வெற்றிலைச் சிவப்பேறிய அவள் வாய்க்குள் விரல் நுனியை விட்டு எதையோ தேடினான். மேலே கிளை முறியும் சத்தம் கேட்டது. செல்வம்மாள் திறந்த வாயை மூடாமல் அப்படியே நின்றாள்.