தொடையில் ஒரு தட்டு, இரண்டு தட்டு

எவாசியோ ரவேத்தாவைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்ததில் பாதி புளுகு. மலைப்பாதையில் காரைப் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுவானாம். பாட்டாவது மண்ணாவது! அந்தத் தூசியில் வாயைத் திறந்தால் அரைக்கிலோ மண் உள்ளே போகும். எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மெக்கானிக் நான், செக்கோந்தோ பெர்த்தோலா.

அந்தக் காலத்தில் பந்தயக் காரில் இரண்டு பேர் போக வேண்டும். ஓட்டுகிறவன் ஓட்டுவான். மெக்கானிக் கையால் எண்ணெய் பம்ப் அடிப்பான், பின்னால் எவன் வருகிறான் என்று திரும்பிப் பார்ப்பான், சக்கரம் வெடித்தால் குதித்து மாற்றுவான். கார் கவிழ்ந்தால் இருவரும் சாவார்கள். மாலை மட்டும் ஒருவனுக்குத்தான். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் நான் பச்சைப் பொய்யன்.

எவாசியோ வண்டிச் சக்கரம் செய்கிறவர் மகன். கசாலே ஊரில் எங்கள் இருவர் வீடும் ஒரே தெருவில். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். தூரின் நகரத்துக் கம்பெனியில் புதுக் கார்களை ஓட்டிப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து, மலையேற்றப் பந்தயங்களில் ஜெயித்து, போர் முடிந்த கையோடு இத்தாலியின் சாம்பியன் ஆனான். இரண்டு தடவை.

இரண்டாவது தடவை ஜெயித்தபோது அவனுக்கு இடது கண் கிடையாது. முந்தின வருஷம் முன்னால் போன காரின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்து, அவன் கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியை உடைத்துவிட்டது. வெளியே சின்னக் காயம் என்று சொல்லிப் பூசி மெழுகினோம். நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் அவன் தொடையில் ஒரு தட்டு தட்டினால் இடது வளைவு, இரண்டு தட்டினால் வலது, முஷ்டியால் குத்தினால் பிரேக். ஒரு கல்யாண விருந்தில் யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்து நான் அவன் தொடையில் ஓங்கி ஒன்று போட்டேன். பழக்க தோஷம், மனுஷன் சடாரென்று இடப்பக்கம் சாய்ந்து, பாதிரியார் மடியில் முழு ஜாடி ஒயினையும் கவிழ்த்துவிட்டான். குடிவெறி என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதற்குள் வலது கண்ணிலும் புகை படிய ஆரம்பித்திருந்தது.

அப்புறம் புதுச் சட்டம் வந்தது. மெக்கானிக்குகள் நிறையப் பேர் சாகிறார்கள், இனி அவர்கள் யாரும் காரில் ஏற வேண்டாம், இருக்கை மட்டும் காலியாக இருக்கட்டும் என்று. என் மனைவி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். நான் நேரே பட்டறைக்கு ஓடினேன்.

"அண்ணே, செப்டம்பர் பந்தயத்துக்கு நீ போகாதே."

"ஏண்டா? நீ இல்லாம எனக்கு ஓட்டத் தெரியாதா? நீ என்ன எனக்குப் பால் குடுத்த தாயா?"

"கண்ணு குடுத்தவன்."

ஸ்பானர் பறந்து வந்தது. நல்லவேளை, அவன் குறி தப்பியது.

"இன்னொண்ணு ஜெயிச்சா மூணாவது தடவை சாம்பியன். அப்புறம் விட்டுடறேன். வெளியில மூச்சு விட்டே, பொய்யன்னு சொல்லிடுவேன். ஊரு என்னை நம்புமா, உன்னை நம்புமா?"

அவன் சொன்னது சரிதான். சாம்பியன் பேச்சு சபை ஏறும், மெக்கானிக் பேச்சு எங்கே ஏறும்? போடா, செத்துப் போ என்று கத்திவிட்டு வந்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவன் மனைவி ஓர்சோலாவிடம் போனேன். அவள் அடுப்பில் சோளமாவுக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கை நிற்கவில்லை.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? மூணு வருஷமா எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் அண்ணி சும்மா இருந்தீங்க?"

"பக்கத்துல நீ இருந்தியேப்பா."

யாரும் அதுவரை என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கறேன். நீ குறுக்க வராதே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. புறப்படும் கோட்டில் ஒன்பது கார்கள். நான் கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டு விலகி நின்றேன். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் ஓர்சோலா வந்து புனிதரின் பதக்கத்தை ஸ்டியரிங்கில் கட்டிவிடுவாள். அதற்காக எவாசியோ காத்திருந்தான். அவள் வந்தாள். ஒரு முழத் தூரத்தில் நின்று அவன் முகத்தையே பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

அவனும் திரும்பிப் பார்த்தான்.

"யாரும்மா நீங்க? இங்கெல்லாம் நிக்கக் கூடாது. தள்ளிக்கங்க, என் சம்சாரம் வரணும்."

எஞ்சின் இரைச்சலில் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷமாக அவள் எல்லாப் பந்தயத்துக்கும் எலுமிச்சை மஞ்சள் சால்வையில் வந்தாள். கோழிக்குஞ்சு என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குச் சாம்பல் நிறத்தில் வந்திருந்தாள்.

அவள் குனிந்து, "நான்தான்யா" என்றாள்.

எவாசியோ கையுறையைக் கழற்றினான். அவள் தாடையை, கன்னத்தை விரலால் தடவிப் பார்த்தான். கொடிக்காரன் புறப்பட இன்னும் ஒரு நிமிஷம் என்று கை காட்டினான். எவாசியோ எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.

கம்பெனி இன்ஜினியர் தலைதெறிக்க ஓடி வந்தார். "என்ன ஆச்சு? என்னய்யா ஆச்சு?"

"எண்ணெய் பம்ப்பு வேலை செய்யல" என்றான் எவாசியோ, என் பக்கம் திரும்பாமலே. "இந்த மடையன் சரியா மாட்டல."

என் பம்ப்பு! பதினோரு வருஷத்தில் ஒரு சொட்டு ஒழுகாத பம்ப்பு! எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஓர்சோலா என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்கய்யா" என்றேன் இன்ஜினியரிடம். "என் தப்புதான்."

அன்றைக்கே என் வேலை போயிற்று. எவாசியோ மறுபடி பந்தயத்துக்குப் போகவில்லை. அவனுக்கு இப்போது எழுபத்தொரு வயது, இரண்டு கண்ணும் சுத்தமாகப் போய்விட்டது. சாராயக் கடையில் யாராவது மூன்றாவது சாம்பியன் பட்டத்தைப் பற்றிக் கேட்டால், அந்த நாசமாய்ப்போன செக்கோந்தோவின் பம்ப்பு கெடுத்தது என்று இன்றைக்கும் மேசையைத் தட்டித் திட்டுகிறான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். திட்டட்டும்.