கேப்டனுக்குக் கொடுத்த சைக்கிள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் சைக்கிள் பந்தயம் வந்த அன்றைக்கு எனக்கு வந்தது வேறு ரகம்.

பந்தயம் எங்கள் மலை ஊர் வழியாகப் போகிறது என்று காலையிலேயே சாலையை மூடிவிட்டார்கள். வேனுக்கு விடுமுறை. பந்தயத்தில் என் தம்பியும் இருந்தான். பொழுதுபோக்குக்காக இல்லை, சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். முந்தின நாள் போன் செய்திருந்தான்.

“அக்கா, நம்ம ஊருக்குள்ள மட்டும் என்னை முன்னாடி போக விடுவாங்க. சொந்த ஊர்க்காரனுக்கு மத்தவங்க செய்யற மரியாதை அது. எப்படியாவது அப்பாவை வாசல்ல கொண்டுவந்து நிறுத்திடு. ஒரே ஒரு தடவை அவர் பாத்தா போதும்.”

அப்பாவை நிறுத்துவதாவது! அதற்கு இந்த மலையையே நகர்த்திவிடலாம். எங்களுக்குக் கீழே வெல்டிங் பட்டறை, மேலே வீடு. பட்டறை வேண்டாம், சைக்கிள்தான் வேண்டும் என்று தம்பி கிளம்பிப்போய் நான்கு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவனோடு அப்பாவுக்கு ஒரு வார்த்தை கிடையாது. கல்லுளிமங்கன். பெற்ற அப்பாவை அப்படிச் சொல்லக் கூடாதுதான். வேறு சொல் இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

“அப்பா, அவன் வர்ற நேரமாச்சு. எழுந்து வாங்க.”

“இந்த இரும்பு கேட்டை நாளைக்குக் குடுக்கணும்.”

“கேட்டுக்கு என்ன காலா முளைச்சிருக்கு? அது இங்கயேதான் இருக்கும். வாங்கப்பா!”

“சைக்கிள்ல ஊரைச் சுத்தறவனை நான் எதுக்கு வந்து பாக்கணும்?”

முகமூடியை இறக்கிக்கொண்டு பற்றவைக்க ஆரம்பித்துவிட்டார். அதை இறக்கிவிட்டால் அந்த நெருப்புப் பொட்டைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. எக்கேடோ கெடுங்கள் என்று கத்திவிட்டு நான் மட்டும் வாசலுக்கு வந்தேன்.

வந்தான். வளைவைத் தாண்டித் தன்னந்தனியாக, எல்லோருக்கும் முன்னால், பெடலில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வந்தான். தெருவே ஆர்ப்பரித்தது. கைதட்டினவர்களை அவன் பார்க்கவே இல்லை. அவன் கண் பட்டறை வாசலைத் தேடியது. வாசலில் நான் மட்டும்தான் நின்றேன். உள்ளே நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு கையை ஆட்டிவிட்டு அவன் போய்விட்டான்.

பின்னாலேயே மற்றவர்கள் கூட்டமாக வந்தார்கள். சரியாக எங்கள் வீட்டுக்கு எதிரே ஒருவனுடைய டயர் வெடித்தது. தம்பியின் அணிக்குக் கேப்டன். அவன் ஜெயிப்பதற்காகத்தான் அந்த அணியில் மற்றவர்கள் மிதிக்கிறார்கள். அணிக்காரர்கள் எல்லோரும் பேசிக்கொள்ளக் காதில் மாட்டியிருந்த கருவியில் கேப்டன் ஏதோ சொன்னான். மேலே போய்க்கொண்டிருந்த என் தம்பி பிரேக் பிடித்தான். திரும்பி இறங்கி வந்தான். கைதட்டின அதே ஜனங்களின் முன்னால் இறங்கி நின்று தன் சைக்கிளை நீட்டினான்.

நான் பாய்ந்து போய் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். “டேய், என்னடா பண்றே? குடுக்காதே! டயர் வெடிச்சது அவனுக்கு. அவன் நிக்கட்டும்!”

“அக்கா, கையை எடு.”

“எடுக்க மாட்டேன். நம்ம வீட்டு வாசல்லயேவா உன்னை...”

“இதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. என் பொழப்புல மண்ணைப் போடாதே!”

என் விரல்களை அவனே பிடித்து விலக்கினான். பிறந்ததிலிருந்து என்னிடம் ஒரு தடவைகூட அவன் இப்படிப் பேசியதில்லை. கேப்டன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏறினான், போனான்.

“என்னம்மா, உன் தம்பி ஜெயிக்க வந்தானா, சைக்கிள் இரவல் குடுக்க வந்தானா?” என்றார் மளிகைக்கடைக்காரர். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“உங்க கடைத் தராசைப் பத்தி இப்ப நான் வாயைத் திறக்கட்டுமா?” என்று போட்ட சத்தத்தில் தெருவே அடங்கியது.

அந்தச் சத்தத்துக்குத்தான் அப்பா வெளியே வந்தார். முகமூடி நெற்றிக்கு மேலே, கையில் கையுறை. அவர் கண்ணில் முதலில் பட்டது என்ன தெரியுமா? காற்றுப் போன சைக்கிளைப் பிடித்தபடி ரோட்டோரம் நிற்கிற மகன். ‘அப்பவே சொன்னேனே’ என்று மட்டும் அவர் சொல்லட்டும், இன்றைக்கு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தம்பி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னிடம்தான் மெதுவாகக் கேட்டான்.

“முன்னாடி வந்தேனே, அப்பா பாத்தாராக்கா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாய்க்கு வேறு பேசத் தெரியாது.

“பாத்தேன்,” என்றார் அப்பா. “தனியா வந்தே. பின்னால ஒருத்தனும் இல்ல.”

தம்பி நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் அணியின் கார் வந்து நின்று வேறு சைக்கிளை இறக்கியது. ஏறி மிதித்தான். எல்லோருக்கும் கடைசியாக, அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அவனிடம் நான்கு வருடம் வாயைத் திறக்காத மனிதர் பொய் சொல்லவா அதைத் திறக்க வேண்டும்? பத்து அடி நடந்து வந்திருந்தால் நிஜமாகவே பார்த்திருக்கலாமே! கேட்டுவிடுவது என்று திரும்பினேன். அவர் ஆள் இல்லாத சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்படி வந்தான்? சொல்லும்மா,” என்றார்.

“சொல்ல மாட்டேன்,” என்றேன். இன்றுவரை சொல்லவில்லை.