ஆயிரத்து ஐந்நூறு அடியில், எல்லார் கண்ணிலும் படும்படி

எங்கள் பறக்கும் கிளப்பின் புல்தரைக்கு மேற்கே வலேனி விமானப்படைத் தளம் இருக்கிறது. அதன் வான்பரப்பை ஒரு பெரிய உருளை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையிலேயே தொடங்கி மேலே போகிறது. கேட்காமல் உள்ளே நுழைய முடியாது. எங்களைப் போன்ற சின்ன விமானங்களுக்காக அதன் குறுக்கே ஒரு சந்து விட்டிருந்தார்கள். ரயில் பாதையை ஒட்டி இருபத்து நான்கு கிலோமீட்டர். உயரம் ஆயிரத்து ஐந்நூறு அடி. கிழக்கு வாசலில் ஒரு தானியக் கிடங்கு, மேற்கு வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி.

அக்டோபர் முதல் வாரத்தில் கிளப் செயலாளரான எனக்கு விமானப் போக்குவரத்து அதிகாரிகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினொரு மாதமாக அந்தச் சந்து வழியாக ஒரு விமானம்கூடப் போனதாகப் பதிவில்லை. அக்டோபர் முப்பத்தொன்று வரை இதே நிலை என்றால் சந்து மூடப்படும்.

ஒரு விமானம்கூடவா? அந்தப் பதினொரு மாதத்தில் நாங்கள் மேற்கே நாற்பது தடவையாவது போய் வந்திருப்போம்.

விஷயம் இதுதான். ரேடாரின் பார்வை நேர்கோட்டில்தான் போகும், மேட்டுக்குப் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. எங்கள் பக்கம் டானூபின் கிளையாறு ஒன்று உயரமான கரைக்கு அடியில் வளைந்து வளைந்து ஓடுகிறது. அந்தக் கரைக்குக் கீழே, தண்ணீரிலிருந்து நூறு அடியில் பறந்தால் வலேனிக்கு நாம் இல்லவே இல்லை. ட்ரான்ஸ்பாண்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது, ரேடார் கேட்கும்போதெல்லாம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். அதையும் அணைத்துவிடுவோம். அனுமதி கேட்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். கட்டுப்பாட்டு அறைக்காரர்களுக்கும் இது தெரியும். ஒவ்வொரு சின்ன விமானத்துக்கும் அவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நாங்கள் ஒளிந்து போனால் அந்த வேலை மிச்சம். இரண்டு தரப்புக்கும் சௌகரியம். அந்தச் சௌகரியம்தான் எங்கள் கழுத்தை நெரிக்க வந்தது.

சந்து போனால் சுற்றுவழி நூற்றுப்பத்து கிலோமீட்டர். பயிற்சி மாணவர்களின் தேர்வும் விமானத்தின் வருடாந்திரப் பரிசோதனையும் மேற்கேதான் நடக்கின்றன. ஒரே வருடத்தில் கிளப்புக்குப் பூட்டுத்தான்.

கடிதம் வந்த நாளிலிருந்து மூடுபனி. முப்பத்தொன்றாம் தேதிதான் வானம் தெளிந்தது. பல நாட்டு ஜெட்கள் கூட்டுப் பயிற்சிக்காக வலேனியில் வந்து குவிந்திருந்ததும் அதே நாளில்தான்.

பதிவில் ஏற அன்று மதியமே கிளம்பினேன். என் பக்கத்து இருக்கையில் கோஸ்டாகே அண்ணன். ஆற்றுவழியைக் கண்டுபிடித்தவரே அவர்தான். கிளப்பில் எல்லாரும் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள். "நீ தோத்துப்போறதைக் கண்ணால பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு பை நிறைய எள் ஒட்டிய கோவ்ரிக் ரொட்டி வளையங்களோடு ஏறி உட்கார்ந்தார்.

கிடங்கின் மேல் வந்ததும் ரேடியோவில் அழைத்தேன். எங்கள் விமானத்தின் அழைப்புப் பெயர் சியரா மைக்.

"வலேனி, சியரா மைக். கிடங்கு மேல, ஆயிரத்து ஐந்நூறு அடி. சந்து வழியா மேற்கே போக அனுமதி வேணும்."

"சியரா மைக், வெளியவே காத்திருங்க." இளம் குரல், ஆனால் களைத்த குரல்.

காத்திருப்பது என்றால் வட்டமடிப்பது. விநாடிக்கு மூன்று பாகை திரும்பினால் முழு வட்டத்துக்குச் சரியாக இரண்டு நிமிடம். என்னிடம் ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு எரிபொருள் இருந்தது. போய் இறங்க இருபது நிமிடம், தொடவே கூடாத கையிருப்பு முப்பது. மீதி பதினைந்து நிமிடம், அதாவது ஏழு வட்டம்.

மூன்று வட்டம் முடிந்தது. தெற்கே ஜெட்கள் இரண்டிரண்டாக இறங்கிக்கொண்டிருந்தன.

"ஏம்மா ஸ்மரண்டா, இந்தக் கிடங்குல எத்தனை புறா இருக்குன்னு எண்ணிட்டேன்" என்றார் அண்ணன். "அடுத்து என்ன பண்ணட்டும்?"

"மறுபடி எண்ணுங்க. ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கும்."

நான்காவது வட்டத்தில் அந்தக் குரல் தணிந்து வந்தது. "சியரா மைக், என் கையில இப்ப எட்டு ஜெட் இருக்கு. நீங்கல்லாம் வழக்கமா போவீங்களே, கீழ, ஆத்தோட... அப்படியே போயிடுங்களேன். நான் ஒண்ணும் பாக்கல."

கோஸ்டாகே அண்ணன் தொடையில் தட்டினார். "பாத்தியா! தங்கமான பையன். இறக்கு, இறக்கு."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் சங்கடம். நான் பொத்தானை அழுத்தினேன்.

"வலேனி, நீங்க பாக்கணும். அதுக்குத்தான் வந்திருக்கேன். பாத்து எழுதுங்க. நான் இதே உயரத்துலதான் இருப்பேன்."

"அப்போ காத்திருங்க, டோம்னா." அம்மணி என்ற அந்த மரியாதைச் சொல்லிலேயே சூடு ஏறியிருந்தது.

"உனக்குக் கொழுப்பு" என்றார் அண்ணன்.

"நாற்பது தடவை ஒளிஞ்சு போனதுதான் அண்ணே கொழுப்பு. நாமளே நம்மள அழிச்சுட்டு இருந்தோம்."

அவர் ஒரு வளையத்தைக் கடித்தார். எள் அவர் மடியெல்லாம் உதிர்ந்தது.

ஐந்து. ஆறு. ஆறாவது முடியும்போது மறுபடி அழைத்தேன். கடிதத்தோடு விதிப் புத்தகத்தையும் நான் மூன்று வாரமாகப் படித்திருந்தேன்.

"வலேனி, எனக்கு இன்னும் ஒரு சுத்துதான் பாக்கி. அதுக்கப்புறம் திரும்பிடுவேன். அனுமதி இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, நேரத்தோட, காரணத்தோட. மறுத்ததையும் பதிவு பண்ணணும், அதுவும் சந்தோட கணக்குல சேரும். பதினேழாவது பிரிவு."

ரேடியோவில் இரைச்சல் மட்டும்.

"அவனைக் கோபப்படுத்திட்ட" என்றார் அண்ணன் மெதுவாக.

"படட்டும்."

ஏழாவது வட்டத்தில் பாதி போயிருந்தேன். மூக்கு கிழக்கே வீட்டைப் பார்த்திருந்தது. அப்போது குரல் வந்தது.

"சியரா மைக், தெற்கே கடைசியா இறங்குற ஜோடி தெரியுதா?"

"தெரியுது."

"அவங்களுக்குப் பின்னால கடந்து போங்க. ரயில் பாதைக்கு வடக்காலயே இருங்க. ஆயிரத்து ஐந்நூறு அடி, ஒரு அடிகூட மாறக் கூடாது. அனுமதி."

பின்னால் போகச் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. கனமான ஜெட்டின் இறக்கை நுனிகளிலிருந்து காற்று இரண்டு சுழல்களாகச் சுருண்டு பின்னால் கிடக்கும். எங்களுடையது ஆயிரம் கிலோ விமானம், அதில் மாட்டினால் தலைகீழாகிவிடும். ஆனால் சுழல் கீழ்நோக்கி இறங்கும், சில நிமிடங்களில் கலைந்துவிடும். ஜெட்கள் இறங்கும் பாதையை எட்ட எனக்கு நான்கு நிமிடம் ஆகும். அன்று தெற்கே வீசிய காற்று மிச்சத்தையும் தள்ளிக்கொண்டு போய்விடும். பையன் இத்தனையும் யோசித்துத்தான் அந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

கிடங்கைத் தாண்டினோம். இடப்பக்கம் ஓடுபாதை முழுதாகத் தெரிந்தது. வரிசையாகச் சாம்பல் நிற ஜெட்கள். பதினோரு வருடமாகப் பறக்கிறேன், அதை அன்றுதான் மேலிருந்து பார்த்தேன்.

பாதி தூரத்தில் ஆற்றின் உயர்ந்த கரை குறுக்கே வந்தது. சட்டென்று விமானத்தின் மூக்கு தாழ்ந்தது. உயரமானியின் முள் இறங்கத் தொடங்கியது. நான் எதுவும் செய்யவில்லை. பார்த்தால், கோஸ்டாகே அண்ணனின் வலது கை அவர் பக்கத்து ஸ்டிக்கை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. இருபது வருடப் பழக்கம், கரையைக் கண்டதும் கை தானாக ஒளிய இறங்கியது.

"கையை எடுங்க அண்ணே!"

திடுக்கிட்டுக் கையை எடுத்தார். மூக்கைத் தூக்கினேன். அறுபது அடி போயிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அனுமதி ரத்து. ரேடார் திரையில் காணாமல் போன இன்னொரு விமானமாகியிருப்போம்.

"சியரா மைக், உயரம்?"

"திருத்திட்டேன், வலேனி. ஆயிரத்து ஐந்நூறு."

அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். தண்ணீர்த் தொட்டி வரும்வரை எடுக்கவில்லை.

தொட்டியின் மேல் அறிவித்தேன். "வலேனி, வெளிய வந்துட்டேன். பதிவு பண்ணினதை வாசிச்சுக் காட்டுங்க."

பெருமூச்சு ஒன்று தெளிவாகக் கேட்டது. "சியரா மைக். உள்ளே பதினாலு மணி ஆறு நிமிஷம். வெளியே பதினாலு பதினாலு. போதுமா?"

"இந்த வருஷத்துல எத்தனாவது?"

"முதலாவது."

நான் வாய் திறப்பதற்குள் கோஸ்டாகே அண்ணன் என் கைப்பக்கத்துப் பொத்தானை எட்டி அழுத்தினார். "தம்பி, எரிபொருள் போட்டுட்டு நாலு மணிக்குத் திரும்பி வருவோம். இதே உயரத்துல. ரெண்டாவதுன்னு இப்பவே எழுதி வை."

"நாலு மணிக்குப் பன்னெண்டு ஜெட் வருது, ஐயா. காத்திருக்க வேண்டியிருக்கும்."

"காத்திருப்போம்" என்றேன் நான். "டேங்க் நிறைய ஊத்திட்டு வர்றோம்."